பகல் வெயில நிப்பாட்டச் சொல்லாதீங்க, அதை எங்களுக்கு மலிவாத் தாங்க

எங்கட இலங்கையில வலுசக்தி விசயத்துல முடிவெடுக்கிற அமைச்சர், அதிகாரிமார், மின் கட்டணத்தத் தீர்மானிக்கிற ஆணைக்குழுவில இருக்கிற ஐயாமார் அம்மாமார் எல்லாருக்கும்,

2025 சித்திரை வருசப் பிறப்புக்கு, ஏப்ரல் 13ல இருந்து 21 வரைக்கும், வீட்டுக் கூரையில சோலர் வச்சிருக்கிறவங்க பகல் 3 மணி வரைக்கும் அதை நிப்பாட்டி வைங்க என்டு ஒரு வேண்டுகோள் வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லீவு நாள், பெக்டரி ஓடாது, கந்தோர் பூட்டு, கரண்ட் பாவிக்கிறது குறைவு, வெயிலோ உச்சத்துல, கூரையில இருந்து வாறது கூடிப்போனா முழு நாட்டு லைனும் விழுந்துரும் என்டு காரணமும் சொன்னாங்க. அந்தக் காரணம் பொய் என்டு நான் சொல்ல வரல்ல. ஆனா அண்டைக்கு நடந்தத கண்ணால பாத்தவள் என்ட படியால இத எழுதாம இருக்க ஏலாது.

என்ட அண்ணன் மட்டக்களப்பு ஆரையம்பதியில லோன் எடுத்து 5 கிலோவாற் சோலர் போட்டவரு. நாட்டுக்குப் பிரச்சினை வரக்கூடாது என்டு சொன்னபடியே, சோலர் கரண்ட லைனுக்கு ஏத்த மாதிரி மாத்துற இன்வேட்டர ஓஃப் பண்ணினாரு. பகல் முழுக்கச் சித்திரை வெக்கை, கூரையில தகடு காஞ்சு கிடந்தது. பின்னேரம் நாங்க எல்லாரும் அவர்ட வீட்டுல, ஏழு மணி ஆகக்குள்ள ஊர்ல உள்ள எல்லா வீட்டுலயும் லைற், ஃபேன், ரீவி, ரைஸ் குக்கர் எல்லாம் ஒண்டா ஓடத் தொடங்கிச்சு, வோல்ட்டேஜ் இறங்கி ஃபேன் இலைய ஒவ்வொண்டா எண்ணலாம் போல சுத்திச்சு, மாமி விசிறி மட்டை எடுத்துத்தான் புள்ளைக்கு விசுக்கினா. பகல்ல சும்மா கிடைச்ச கரண்ட வேணாம் என்டு விட்டுட்டு இரவுல கப்பல்ல வந்த எண்ணெயும் நிலக்கரியும் எரிக்கிறம், அந்தச் செலவ மறுகா எங்கட பில்லுலதான் போடுறீங்க. இத நாங்க எப்பிடி ஏத்துக்கொள்ளுற?

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுக்கக் கரண்ட் போனதுக்குப் பாணந்துறை கிரிட் உப மின் நிலையத்துல ஒரு குரங்கு பாஞ்சதுதான் காரணம் என்டு ஊர் உலகம் எல்லாம் அதையே கதைச்சாங்க. குரங்கு பாஞ்சது வேற, அதுக்கு முழு நாடும் ஏன் இருட்டாகணும் என்டதுதான் விசயம். ஞாயிறு பகல், பாவிப்புக் குறைவு, சோலர் கூட, அதால பெரிய பெரிய சுழலி மெசின்கள் கொஞ்சம்தான் ஓடிக்கிட்டு இருந்தது. லைன்ல ஒரு அடி விழுந்தா அதத் தாங்கிப் பிடிக்கிறது அந்தப் பாரமான மெசின்கள் சுத்துற சுத்துத்தான், அது குறைவா இருந்தா ஒரு இடத்துல விழுற அடி எல்லா இடத்தையும் இழுத்துக்கிட்டுப் போயிரும். நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்துல 900 மெகாவாற்றும் நிண்டு போச்சு, அடுத்த ரெண்டு நாளும் ஒன்றரை மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலமா வெட்டினீங்க. இதெல்லாம் விளங்குது. எஞ்சினியர்மார் சொல்லுறத மறுக்கிற அளவுக்கு நான் படிக்கல்ல, மறுக்கவும் தேவையில்ல.

ஆனா பகல்ல கரண்ட் கூடிப்போச்சு என்டா அதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு உற்பத்திய நிப்பாட்டுற. மற்றது பகல்ல பாவிக்கிறதக் கூட்டுற. நீங்க முதலாவத மட்டும்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. ரெண்டாவது வழியில நாங்க இருக்கிறம், எங்களக் கேக்கவே இல்ல.

நான் களுவாஞ்சிகுடியில வீட்டுலயே தையல் தைக்கிறன். மோட்டர் பூட்டின மெசின், ஒரு அயன் பொக்ஸ், ரெண்டு ஃபேன், ஒரு பழைய பிரிட்ஜ். மெசின் மோட்டர் பெருசா இழுக்காது, அயன் பொக்ஸ்தான் 1000 வாற் இழுக்கும். ஸ்கூல் யூனிஃபோம் ஓடர் வாற டைம்ல கொலர் மடிப்பு வைக்கிறதுக்கு அயன் இல்லாம ஒண்டும் செய்ய ஏலாது. எங்கட மாதர் சங்கத்துல இருக்கிற ஒரு அக்கா ஐஸ் பக்கற்றும் தயிரும் போடுறவ, இன்னொருவ அரிசிமாவும் மிளகாய்த்தூளும் அரைச்சுக் குடுக்கிறவ, கடற்கரைப் பக்கம் இருக்கிற மாமி ஒராள் மீன் வாங்கி பிரீசர்ல வச்சு விக்கிறவ. பாருங்க, எல்லாமே பகல் வேலை. வெயில் எரிக்கிற நேரத்துலதான் எங்கட கைக்கும் வேலை. இந்தக் கரையில ஒருத்தரும் நடுச்சாமத்துல மா அரைக்கிறதில்ல.

இப்ப எங்கட பில் எப்பிடி வருது என்டு பாருங்க. மாசம் 60 யுனிட்டுக்குள்ள நிண்டா ஒரு விலை. 60 தாண்டினா தாண்டின யுனிட்டுக்கு மட்டும் விலை கூடுறதில்ல, முதல் யுனிட்ல இருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அதால 60 என்டது எங்கட வீடுகள்ல ஒரு பயம். மாசக் கடைசியில மீற்றரப் பாத்துப் பாத்துத்தான் அயன் பொக்ஸ் பிளக்கக் குத்துறம். தூள் அரைக்கிற அக்கா மாசம் முடியிற கிழமையில மெசின நிப்பாட்டிருவா, கேட்டு வந்த ஆக்களத் திருப்பி அனுப்புறத நான் பாத்திருக்கன். 2022 ஆகஸ்ட்ல சராசரியா 75 வீதம் கூட்டினீங்க, 2023 பெப்ரவரியில திரும்ப 66 வீதம். மறுகா குறைச்சீங்க, ஏத்தினீங்க, இறக்கினீங்க, 2025 ஜூன்ல இன்னொருக்கா 15 வீதம் ஏத்தினீங்க. அந்த முதல் ரெண்டு ஏத்தத்தோட விறகுக்கும் அம்மிக்கும் திரும்பிப் போன வீடுகள் இஞ்ச கன பேர்ட. ஒரு தரம் விட்ட தொழில மறுகா பிடிக்கிறது லேசில்ல.

அதாவது பகல் 12 மணிக்கு நாட்டுல கரண்ட் கூடிப்போய் வழியில்லாம நிக்கிது, அதே 12 மணிக்கு இஞ்ச ஒரு பொம்புள கரண்ட் பில்லுக்குப் பயந்து மெசின நிப்பாட்டி வச்சிருக்கா. இந்த ரெண்டையும் ஒண்டாச் சேக்கிறது அவ்வளவு கஷ்டமான வேலையா?

நேரத்துக்கு ஏத்த கட்டணம் நாட்டுல இல்லாம இல்ல. மாலை 6.30ல இருந்து 10.30 வரைக்கும் பீக், அதாவது ஆகக் கூடப் பாவிக்கிற நேரம், அது முடிஞ்சு விடிய 5.30 வரைக்கும் ஒரு விலை, பகலுக்கு ஒரு விலை என்டு ஹோட்டலுக்கும் பெக்டரிக்கும் இருக்கு, வீடுகள்ல மூண்டு பேஸ் எடுத்த பெரிய வீடுகளுக்கும் இருக்கு. எங்கட மாதிரி ஒரு பேஸ்ல ஓடுற வீட்டுக்கு இல்ல. நான் இதப்பத்தி ஒரு அலுவலகத்துல போய் விசாரிச்சன், அங்க இருந்தவரு நல்ல மனுசன்தான், ஏசிப் பேசல்ல, ஆனா "தங்கச்சி, உங்கட பில்லுக்கு அதெல்லாம் தேவையில்ல, வீட்டுல லைற்ற அணைச்சு வைங்க போதும்" என்டு சொல்லி அனுப்பிட்டாரு. அந்தச் சொல்லுதான் எனக்கு இண்டைக்கும் ஆறல்ல. நாலு பல்பு எரியிற வீட்டுல எதை அணைக்கச் சொல்லுறீங்க?

சேமிப்பு என்டா என்ன என்டு எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சதாலதான் சொல்றன், நீங்க சொல்லுற இடத்துல அது இல்ல. இஞ்ச வைகாசி ஆனியில கச்சான் என்ட தென்மேல் காத்து அடிக்கத் தொடங்கினா காத்தே நெருப்புப் போல வரும், சீற் போட்ட கூரையும் தகரக் கூரையும் சூட்டை இறக்கிக்கிட்டே இருக்கும், ஃபேன் இல்லாம புள்ள தூங்காது, கிழவன் கிழவி மூச்சு விட ஏலாது. ஒரு வீட்டுல ஃபேன் ஒரு நாளைக்குப் 12 மணித்தியாலம் ஓடுறது இஞ்ச சாதாரணம். பழைய சீலிங் ஃபேன் 75 வாற் எடுக்கும். இப்ப வாற புது வகை மோட்டர் ஃபேன் 30 வாற்ல அதே காத்தத் தரும். வித்தியாசம் 45 வாற். 12 மணித்தியாலம், 30 நாள் கணக்குப் பாருங்க, ஒரு ஃபேனுக்கு மாசம் 16 யுனிட். ஒரே ஒரு ஃபேன மாத்தினாலே 70 யுனிட் எடுக்கிற வீடு 54க்கு வந்துரும், அந்த 60 என்ட கோட்டுக்கு இஞ்சால வந்துரும், பில்லே வேற பில்லாயிரும். அதோட அந்த 45 வாற் குறையிறது எந்த நேரத்துல? இரவு எட்டு மணிக்கு, உங்களுக்கு ஆக விலையான கரண்ட் ஓடுற அதே நேரத்துல. அப்ப லாபம் எங்களுக்கு மட்டுமில்லத்தானே.

எங்கட வீட்டுல இன்னும் சுவத்துல அந்தப் பழைய பெரிய பெட்டி ரெகுலேட்டர்தான் இருந்தது. ஃபேன ஒண்டுல வச்சா பெட்டியில கை வச்சுப் பாருங்க, சுடும். காத்துக் குறையிது, ஆனா மிச்சமாக வேண்டிய கரண்ட்ல ஒரு பெரும் பகுதி அந்தப் பெட்டிக்குள்ள சூடாப் போய்ட்டு இருக்கு. ஃபேன மெதுவா விட்டா பில் நல்லாக் குறையும் என்டு நம்பிக்கிட்டு இருக்கிற எத்தின வீடு, ஒராளும் வந்து இதச் சொல்லித் தரல்ல. பிரிட்ஜும் அப்பிடித்தான், கதவு ரப்பர்ல ஒரு இருபது ரூபாத் தாள வச்சு மூடி இழுத்துப் பாத்தா லேசா வந்துரும், ரப்பர் போயிட்டுது என்டு அர்த்தம், உள்ளுக்குள்ள குளிர் வெளியில போய்க்கிட்டே இருக்கும், மோட்டர் நிக்காம ஓடும். தவணைக்குச் சாமான் குடுக்கிற கடையில மாசத் தவணை எவ்வளவு என்டு சொல்லுவாங்க, அது மாசம் எத்தின யுனிட் குடிக்கும் என்டு சொல்ல மாட்டாங்க. நட்சத்திர லேபிள் ஒட்டுற திட்டம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையிட்ட இருக்கு, 2007ம் ஆண்டுச் சட்டத்தால வந்த சபை, நல்ல வேலை. ஆனா நட்சத்திரம் கூடின சாமான் விலை கூடின சாமான், காசில்லாதவன் விலை குறைஞ்சத வாங்கி மாசாமாசம் பில்லுல அந்தக் காசக் கட்டுறான்.

இந்தியாவுல 2015ல இருந்து உஜாலா என்டு ஒரு திட்டத்துல எல்ஈடி பல்ப மொத்தமா வாங்கி மலிவாக் குடுத்தாங்க, கையில காசில்லாதவங்க கரண்ட் பில்லோட கொஞ்சம் கொஞ்சமாக் கட்டலாம் என்டும் வச்சாங்க. கோடிக்கணக்குல பல்பு போச்சு. அதையே ஃபேனுக்கு இஞ்ச செய்ய ஏலாதா? பழைய ஃபேனக் குடு, புது ஃபேன எடு, மிச்சத்தப் பில்லுல கட்டு. மிச்சமாகிற 16 யுனிட்டுக்கான காசே தவணையில பெரும்பங்கக் கட்டிரும்.

சோலர் கதைக்கு வாறன். 2016ல சூரிய பல சங்கிராமய என்டு ஒரு கூரைச் சோலர் திட்டம் தொடங்கினீங்க, கூரையில இருந்து வாற கரண்டுக்கு முதல் 7 வருசம் யுனிட் 22 ரூபா, அடுத்த 13 வருசம் 15.50 என்டு சொன்னீங்க. 2022ல புதுசா வாறவங்களுக்கு 37 ஆக்கினீங்க. 2024ல 27. 2025ல சின்ன வீட்டு சோலருக்கு 20.90. தகடு விலை குறைஞ்சது உண்மை, அதால வாங்குற விலைய இறக்கினதுல நியாயமும் இருக்கலாம். ஆனா எங்கட பக்கத்துல சோலர் போடுறது என்டா வீட்டு உறுதிய வச்சு லோன் எடுக்கிற, இல்லாட்டி வெளிநாட்டுல இருக்கிற மகன்ட ரெண்டு வருசச் சம்பளம். விலை இப்பிடி ஏறி இறங்கினா ஆர் துணிஞ்சு வருவாங்க? அதுக்கு மேல பகல்ல நிப்பாட்டு என்டா, நிப்பாட்டின நாளுக்கு லோன் தவணை நிக்கிறதா?

இன்னொரு விசயம் கன பேருக்குத் தெரியாது. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினது, மண்ணெண்ணெய் 87 ரூபாயில இருந்து ஒரேயடியா 340க்குப் போனது, புள்ளையள் மெழுகுதிரியில படிச்சது, இதெல்லாம் பட்டதாலதான் இஞ்ச ஆக்களுக்கு சோலர்ல ஆசை வந்தது. லைன் கரண்ட் போனாலும் எங்கட வீட்டுல வெளிச்சம் இருக்கும் என்டு நம்பிக் காசைக் கட்டினாங்க. போட்டதுக்குப் பிறகுதான் தெரியும், பற்றரி இல்லாத சோலர் லைன் கரண்ட் போனதும் தானா நிண்டுரும், லைன்ல வேலை செய்யிறவர்ட உயிருக்காக அப்பிடித்தான் செஞ்சிருக்காங்க, அது சரியான காரியம். ஆனா விக்கிறவங்க அத முதல்ல சொல்லணும் என்டு ஒரு கட்டாயம் நீங்க வைக்கல்ல. மறுகா மத்தியானத்துல ஊர் லைன்ல வோல்ட்டேஜ் ஏறினாலும் இன்வேட்டர் தானா நிக்கிது, அண்ணன்ட வீட்டுல அது அடிக்கடி நடக்கிற ஒண்டு. ஆக வெயில் நல்லா எரிக்கிற நேரம் பார்த்துத்தான் அது வேலை செய்யாம நிக்கிது.

பற்றரி வச்சு இரவு பீக் நேரத்துல கரண்ட் தந்தா கூடின விலை தாறம் என்டு அறிவிச்சீங்க. வரவேற்கிறன். ஆனா பற்றரி வாங்க ஏலுமானவன் ஆர் என்டும் யோசிங்க. 60 யுனிட் வீட்டுக்கு சோலரே கணக்குக்குக் கட்டாது, ஏனென்டா அவன்ட பில்லு ஏற்கனவே சின்னது, மிச்சம் பிடிக்க ஒண்டும் இல்ல. அதால கூரைக் கரண்ட்ட லாபம் பெரிய பில் உள்ள பெரிய கூரைக்குத்தான் போய்ச் சேருது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு சோலரும் காத்தாடியும் பற்றரியும் சேத்து ஒரு திட்டம் போடலாம் என்டா, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில ஒரு ஊர் ட்ரான்ஸ்ஃபோமருக்குப் பக்கத்துல ஒரு பொதுப் பற்றரி வைக்கிறதுக்கு என்ன தடை? பகல்ல மிஞ்சுறத அது வாங்கி வச்சிருக்கும், இரவு ஏழு மணிக்கு அந்த ஊருக்கே திருப்பித் தரும், வோல்ட்டேஜும் விழாது. வெல்லாவெளி, வவுணதீவுப் பக்கம் லைன்ல வெளிச்சம் மங்கினா ஆக்கள் படுறது வெறும் இருட்டுப் பயம் இல்ல, யானைப் பயம். அங்க இருந்து பாத்தாத்தான் தெரியும்.

இந்திய உதவியில 5000 மதத்தலத்துக்கு தலா 5 கிலோவாற் சோலர், மொத்தம் 25 மெகாவாற், 2025 ஏப்ரல்ல தொடங்கினது. எல்லா மாவட்டத்துக்கும், கோயில், பள்ளிவாசல், விகாரை, சேர்ச் எல்லாத்துக்கும். நல்ல காரியம். ஆனா கோயில்ல கரண்ட் எப்ப பாவிக்கிற? வெள்ளாப்புல பூசைக்கும் பின்னேரப் பூசைக்கும். மத்தியானம் நடை சாத்தி இருக்கும், ஐயரும் வீட்டுல. அந்த நேரம் வாற கரண்ட கோயில் வீதியில இருக்கிற ஏழை வீடுகள்ட மீற்றருக்குக் கணக்குல கழிச்சுக் குடுக்கலாமே. ஸ்கூல் கூரையும் அப்பிடித்தான், லீவு நாள்ல சும்மா கிடக்கு. சொந்தக் கூரையில தகடு போட வசதி இல்லாதவனுக்கும் ஊர்க் கூரையில ஒரு பங்கு இருக்கட்டும்.

இப்ப நான் கேக்கிறது இதுதான். ஒரு பேஸ் உள்ள சின்ன வீடுகளுக்கும் பகல் விலை, இரவு விலை என்டு பிரிச்சுத் தாங்க, அதுக்கு ஏத்த மீற்றர எங்கட தலையில செலவா ஏத்தாம மாத்துங்க, காலை 10ல இருந்து பின்னேரம் 3 வரைக்கும் பாவிக்கிற யுனிட்ட அந்த 60 கணக்குல சேக்காதீங்க. இது ஒண்டுதான் என்ட முதல் கோரிக்கை, மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான். மாதர் சங்கங்கள் ஊடாச் செய்யுங்க, தையல், மா, தூள், ஐஸ், தயிர் என்டு பகல்ல தொழில் செய்யிற வீடுகள்ல இருந்து தொடங்குங்க, மட்டக்களப்பு அம்பாறை ரெண்டு மாவட்டத்துலயும் ஒரு வருசம் செஞ்சு பாருங்க, பகல் பாவிப்புக் கூடுதா இல்லையா என்டு உங்கட மீற்றரே சொல்லும்.

ஃபேன் மாத்துற திட்டம் வேணும், பில்லோட கட்டுற தவணையில, பழைய ஃபேனத் திருப்பி எடுத்து உடைக்கிற ஏற்பாட்டோட, இல்லாட்டி அது இன்னொரு வீட்டுல போய்ச் சுத்தும். கடையில விக்கிற ஒவ்வொரு பிரிட்ஜுலயும் ஃபேன்லயும் மாசம் எத்தின யுனிட் என்டு தமிழ்ல சிங்களத்துல பெரிய எழுத்துல இருக்கணும். சோலர் போட்டவங்கள நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டின நேரத்துக்கு ஒரு ஈடு குடுங்க, போடப்போறவங்களுக்கு விலை மாறப்போகுது என்டா ஆறு மாசத்துக்கு முதல் சொல்லுங்க. சோலர் விக்கிறவங்க கரண்ட் போனா இது ஓடாது என்டத எழுதிக் கையெழுத்து வாங்கித்தான் விக்கணும். கோயில், பள்ளிவாசல், ஸ்கூல் கூரையில மிஞ்சுற கரண்டப் பக்கத்து வீடுகளுக்குக் கழிச்சுக் குடுக்கிறதுக்கு ஒரு விதி கொண்டு வாங்க. ஊர்ப் பற்றரி ஒண்ட முதல்ல படுவான்கரையில வைங்க. அரசாங்க வீட்டுத்திட்டத்துல இனிக் கட்டுற வீட்டுக்குச் சூடு இறங்காத கூரையும் காத்து வந்து போற யன்னலும் இல்லாம அனுமதி குடுக்காதீங்க.

கட்டணம் கூட்ட முதல் பொதுமக்கள்ட கருத்துக் கேக்கிற கூட்டம் வைக்கக்குள்ள, கிழமை நாள்ல காலையில டவுன்ல ஒரு ஹோல்ல வச்சா எங்கட ஆக்கள் வர ஏலாது, கொக்கட்டிச்சோலையில இருந்து பஸ் பிடிச்சு வந்து போனா ஒரு நாள் கூலி போயிரும். களுவாஞ்சிகுடியில ஒண்டு, வாழைச்சேனையில ஒண்டு, கொக்கட்டிச்சோலையில ஒண்டு, அங்கால கல்முனையில, அக்கரைப்பற்றுல, பொத்துவில்ல என்டு ஞாயிற்றுக்கிழமைகள்ல வைங்க. தமிழ்ல கேளுங்க, தமிழ்ல பதில் சொல்லுங்க. பெண்களத் தேடிக் கூப்பிடுங்க, வீட்டுல பிளக்கக் குத்துறதும் கழட்டுறதும் அவங்கதான்.

இந்தக் கோரிக்கையில எது ஏலும், எது ஏலாது, ஏலாட்டி ஏன் என்டு அடுத்த கட்டணத் திருத்தத்துக்கு முதல் எழுத்துல பதில் எதிர்பாக்கிறன். பகல் விலைக்கு என்ன சொல்லுறீங்க என்டத மட்டும் முதல்ல சொல்லுங்க.

களுவாஞ்சிகுடியில இருந்து,
வீட்டுல தையல் தைக்கிற ஒரு மின் பாவனையாளர்